வள்ளத்துக்கு ரெசின் பூசும் முன்

பாக் நீரிணைக் கரையில் ஒட்டுப்பலகை வள்ளத்தைச் சொந்தமாகவே கட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. முன்பு கலப்பத்து அடைத்துக் காத்த மரத்தை இப்போது பைபர் மேட்டும் ரெசினும் காக்கின்றன. பூசுகிறவர் உடம்பைக் காப்பது யார்?

பாலியெஸ்டர் ரெசினின் காரநெடி ஸ்டைரீன் ஆவி. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2018இல் வகைப்படுத்திய பொருள் அது. முகத்தில் துண்டு கட்டினால் ஆவி நிற்காது. தூசு மாஸ்க்கும் உதவாது. கரி வடிகட்டி பொருத்திய மாஸ்க் வேண்டும், காற்றோட்டமான இடமும் வேண்டும்.

அதைவிட உடனடி ஆபத்து, ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட். பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும். அதைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பது, வீட்டில் பிள்ளைகள் இருந்தால், கொலைக்குச் சமம். இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, அதன் பிறகே கேட்டலிஸ்ட் சேர்க்க வேண்டும். இரண்டும் நேரடியாகச் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இரண்டுக்கும் ஒரே அளவுக் குவளையைப் பயன்படுத்தாதீர்கள். கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பாலியெஸ்டரைவிட மரத்தை இறுகப் பிடிப்பது எபாக்சி ரெசின். நெடி குறைவு என்பதால் பலர் வெறுங்கையால் பூசுகிறார்கள். அதன் ஹார்டனர் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வாமை வரும். ஒருமுறை வந்தால் பெரும்பாலும் ஆயுளுக்கும் விடாது. நைட்ரைல் கையுறை போடுங்கள். தின்னரில் கை கழுவாதீர்கள், சோப்பு போதும். கலந்த எபாக்சியை வாளியிலேயே விட்டால் கொதித்துப் புகையும். அகலத் தட்டில் ஊற்றி வையுங்கள். வெயில் எபாக்சியைத் தின்றுவிடும், மேலே பெயின்ட் கட்டாயம். ஈரம் காயாத பலகையில் எதைப் பூசினாலும் உள்ளே மரம் உளுத்துப்போகும்.

உடம்போடு கொடுத்த பணத்தையும் காக்க வேண்டும். பழைய ரெசினை விற்றுவிட்டு, மேட் உரிந்ததும் கடைக்காரர் கைவிரித்தால் என்ன செய்வது? வாங்கும்போதே பில் கேளுங்கள். பேட்ச் எண்ணையும் தயாரித்த தேதியையும் படம் எடுத்து வையுங்கள். மீன்பிடித் தொழிலுக்கு வாங்கியதால் நீங்கள் நுகர்வோர் இல்லை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சுயதொழிலில் பிழைப்பு நடத்த மட்டுமே வாங்கிப் பயன்படுத்துபவரையும் இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. முதலில் 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். அதில் தீராவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஆணையத்தில் புகார் கொடுக்கக் காலக்கெடு 2 ஆண்டுகள்.

உரிந்த மேட் துண்டையும் டப்பாவில் மீந்த ரெசினையும் வழக்கு முடியும்வரை தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அவைதான் உங்கள் சாட்சி.