தீவுக்கு வராத இயந்திரங்கள்

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் யாழ்ப்பாணத்து மின்கம்பி எட்டவில்லை. கடல் கடந்து வரும் டீசலை எரித்தே அங்கே விளக்கு எரிந்துவந்தது. வெயிலும் காற்றும் தாராளமாய்க் கிடைக்கும் இடத்தில் இது வீண்செலவு என்பதால், சூரியத் தகடு, காற்றாலை, பற்றரி மூன்றும் சேர்ந்த மின்திட்டம் வகுக்கப்பட்டது.

2021 ஜனவரியில் இலங்கை அமைச்சரவை அந்த வேலையைச் சீனாவின் சினோசோர்-ஈடெக்வின் கூட்டு நிறுவனத்துக்குக் கொடுக்க ஒப்புதல் அளித்தது. பணம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடன். ஏறத்தாழ 1 கோடி 20 இலட்சம் டொலர். பாதுகாப்பைக் காரணம் காட்டி இந்தியா உடனே ஆட்சேபித்தது. நெடுந்தீவிலிருந்து இராமேசுவரம் பக்கம் சுமார் 50 கிலோமீற்றர்தான்.

மின்சாரம் தயாரிக்கும் இடத்தில் பாதுகாப்புக் கவலைக்கு என்ன வேலை?

விடை இன்வேர்ட்டரில் இருக்கிறது. தகட்டில் பிறக்கும் நேர்மின்னோட்டத்தை வீட்டுக்கு ஏற்ற மாறுமின்னோட்டமாக்கும் பெட்டி அது. பழுது பார்க்கவும் மென்பொருளைப் புதுப்பிக்கவும் பெரும்பாலும் இணையத்தில் இணைந்தே இருக்கும். செய்தவர் தூரத்திலிருந்தே அதைத் தொடலாம் என்றால், நிறுத்தவும் முடியுமே என்பதுதான் அச்சம். லித்துவேனியா 2024இல் 100 கிலோவாட்டுக்கு மேற்பட்ட மின்நிலையங்களில் சீன நிறுவனங்களின் தொலைக் கட்டுப்பாட்டைச் சட்டத்தால் தடுத்தது.

இத்தகைய சந்தேகங்களில் மெய் எது, பொய் எது என்று பிரிப்பது சுலபமல்ல. சூப்பர்மைக்ரோ நிறுவனத்தின் கணினிப் பலகைகளில் அரிசிமணி அளவான உளவுச் சில்லுகளைச் சீனா செருகியதாக 2018 ஒக்ரோபரில் புளூம்பெர்க் செய்தி நிறுவனம் எழுதியது. பாதிக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட அப்பிள், அமேசன், அவற்றோடு சூப்பர்மைக்ரோ மூன்றும் அடியோடு மறுத்தன. அந்தச் சில்லை யாரும் வெளியே எடுத்துக் காட்டவில்லை. மாறாக, சிஸ்கோ நிறுவனத்தின் இணையக் கருவிப் பெட்டிகளை வழியில் மறித்து, பிரித்து, ஒட்டுக்கேட்கும் கருவி பொருத்திய அமெரிக்க உளவுத்துறையின் படம் 2014இல் வெளியானது. அத்துறைக்காக வேலைசெய்த எட்வர்ட் ஸ்னோடன் கசியவிட்ட ஆவணங்களில் ஒன்று அது.

தீவகத்து வழக்கில் பிரித்துப் பார்க்க ஒரு பெட்டிகூட வந்திறங்கவில்லை. 2021 டிசம்பரில், மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கவலையால் வேலை இடைநிறுத்தப்பட்டதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. அந்தத் தரப்பின் பெயரை அது சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் விளங்கியது.

2022 மார்ச்சில் இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் கொழும்பு வந்தபோது, இதே தீவுகளுக்கான புதிய உடன்படிக்கை கைச்சாத்தானது. கடன் போய் நன்கொடை வந்தது: 1 கோடி 10 இலட்சம் டொலர். 2024 மார்ச்சில் பெங்களூரின் யூ-சோலார் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் கிடைத்தது. ஆனால் உலகின் சூரியத் தகடு உற்பத்தியில் நூற்றுக்கு 80க்கு மேல் சீனாவின் கையில் இருக்கிறது. ஒப்பந்தக்காரரை மாற்றுவது எளிது. பொருளின் பிறப்பிடத்தை மாற்றுவது அப்படியல்ல.

புதிய திட்டத்தில் 1,700 கிலோவாட் சூரியசக்தி, 530 கிலோவாட் காற்றுசக்தி. அவற்றோடு, தேவைப்பட்டால் ஓட்டுவதற்கு 2,500 கிலோவாட் டீசல் மின்பிறப்பாக்கிகளும் உண்டு.