வயல் நெல்லைக் காத்த காட்டு நெல்: இயற்கைத் தேர்வு செயல்படுவது எப்படி?

புது தில்லி: விளைந்த மணி கதிரிலேயே தங்க வேண்டும் என்பது உழவரின் விருப்பம். அது தானாக உதிர்ந்து மண்ணில் சேர வேண்டும் என்பது காட்டு நெல்லின் தேவை. தாவரப் பண்புகளை இயற்கைத் தேர்வு எவ்வாறு வடிவமைக்கிறது என்பதற்கு இம்முரண்பாடு தெளிவான சான்றாகும்.

ஒரே இனத்துச் செடிகள் அனைத்தும் ஒன்றுபோல் இருப்பதில்லை. மரபணுவில் தற்செயலாக நிகழும் மாற்றங்களால் அவற்றிடையே வேறுபாடுகள் தோன்றுகின்றன. சூழலுக்குப் பொருந்தும் பண்பைப் பெற்ற செடி அதிக வாரிசுகளை விட்டுச் செல்வதால், அப்பண்பு தலைமுறைதோறும் பெருகுகிறது. இதையே சார்லஸ் டார்வின் 1859-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இயற்கைத் தேர்வு என விளக்கினார்.

நீர்நிலைக்கு ஏற்ற வாழ்வு

இந்தியாவில் வளரும் காட்டு நெல் வகைகளுள் 'ஒரைசா ரூபிபோகன்' நீர் வற்றாத இடங்களில் பல்லாண்டுச் செடியாக வாழ்கிறது. 'ஒரைசா நிவாரா'வோ கோடையில் வறண்டுவிடும் குட்டைகளில் வளர்கிறது. அது ஒரே பருவத்தில் பூத்து, விதைகளை உதிர்த்து மடிகிறது. செடி தாங்காத வறட்சியை விதை தாங்குகிறது. பருவம் தவறிய மழையில் விதைகள் அனைத்தும் ஒருசேர முளைத்து அழியாதவாறு விதை உறக்கம் காக்கிறது.

மனிதர்களின் தேர்வு இதற்கு நேர்மாறானது. உதிராத மணியும் ஒரே சீராக முளைக்கும் விதையும் வயலுக்குத் தேவைப்பட்டன. அவ்வாறு தேர்ந்தெடுத்ததில் பல வேறுபாடுகள் பயிரிலிருந்து மறைந்தன.

ஒரு சேகரிப்பின் மதிப்பு

இந்த இழப்பின் விளைவு 1970-களில் தெரிந்தது. புகையான் பூச்சி பரப்பும் புல் குட்டை நோய் ஆசிய நெல் வயல்களைத் தாக்கியது. பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 6,000-க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்தது. உத்தரப் பிரதேசத்தில் சேகரிக்கப்பட்ட ஒரேயொரு நிவாரா மாதிரியில்தான் தேவையான எதிர்ப்புத்திறன் கிடைத்தது. பஞ்சாபில் பிறந்த விஞ்ஞானி குர்தேவ் குஷ் தலைமையிலான குழு அதனைப் பயிர் நெல்லில் சேர்த்தது. 1976-இல் வெளியான ஐ.ஆர்.36 ரகமும் இந்த எதிர்ப்புத்திறனைப் பெற்றதே.

குட்டைகள் தூர்க்கப்படும்போது இத்தகைய செடிகள் அழிகின்றன. அருகிலுள்ள வயல் நெல்லுடன் கலப்பதாலும் அவற்றின் தனித்தன்மை குறைகிறது. மரபணு வங்கிகள் விதைகளைக் குளிரில் பாதுகாக்கின்றன. ஆனால் மாறிவரும் மழைக்கும் புதிய நோய்களுக்கும் ஏற்ற பண்புகளை இயற்கை தொடர்ந்து தேர்ந்தெடுப்பது, அச்செடிகள் வாழும் குட்டைகளில் மட்டுமே நிகழும்.