வீட்டுக்குள் வளரும் கொடிக்கு ஒரு கொம்பு

முல்லைக் கொடி பற்றிப் படர இடமின்றித் தவித்தது. அதைக் கண்ட பாரி வள்ளல் தன் தேரையே கொழுகொம்பாக விட்டுச் சென்றான். இந்தக் கதை தமிழர் எல்லோருக்கும் தெரியும். இன்று வீட்டுக்குள் வளரும் கொடிக்குத் தேர் வேண்டாம். தேங்காய் நார் போதும்!

காரைக்காலில் பல வீடுகளில் கூடத்து ஜன்னல் ஓரம் ‘மணி பிளாண்ட்’ தொங்குகிறது. இந்தக் கொடி எங்கிருந்து வந்தது தெரியுமா? பசிபிக் கடலில் தாகித்திக்குப் பக்கத்தில் உள்ள மூரியா என்ற தீவே இதன் தாயகம். அது இன்றும் பிரான்சைச் சேர்ந்த தீவு. காரைக்காலும் 1739-ல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1954 நவம்பர் 1-ல் இந்தியாவுடன் சேர்ந்த ஊர்தான்!

தொங்கவிட்டால் இதன் இலை உள்ளங்கை அளவோடு நின்றுவிடும். மரத்தில் ஏறினாலோ, முறம் அளவுக்கு விரியும். காரணம், இது வேரால் பற்றி ஏறும் கொடி. கணுவுக்குக் கணு சிறு வேர் விடும். ஈரமான, சொரசொரப்பான இடம் கிடைத்தால் அந்த வேர் பிடித்துக்கொள்ளும். வழவழப்பான குழாயில் பிடிக்காது. வெற்றிலையும் இப்படித்தான். டெல்டாவின் கொடிக்கால்களில் வெற்றிலையை அகத்தி மரத்தில் ஏற்றிக் கட்டுகிறார்கள்.

அவரை, சங்குப்பூ போன்றவை வேறு வகை. அவை கொம்பைச் சுற்றிக்கொண்டு ஏறும். விஞ்ஞானி டார்வின் நோயுற்று அறைக்குள் கிடந்தபோது, ‘ஹாப்’ என்ற கொடியைத் தொட்டியில் வைத்துக் கவனித்தார். அதன் நுனி கொம்பைத் தேடி வட்டமிட்டது. ஒரு சுற்றுக்குச் சராசரி 2 மணி 8 நிமிடம்! இதை அவர் 1865-ல் எழுதி வெளியிட்டார்.

கொம்பு நடுவது எப்படி?

2 அல்லது 3 அடி நீளமுள்ள பிளாஸ்டிக் குழாயில் தேங்காய் நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றுங்கள். கொடியை நடும்போதே கொம்பையும் தொட்டியின் அடிவரை ஊன்றிவிட வேண்டும். பிறகு ஊன்றினால் வேர் அறுபடும். கனமான மண்தொட்டியே நல்லது. கடற்காற்று வீசும் ஊரில் லேசான தொட்டி சாய்ந்துவிடும்.

கணுக்கள் நாரைத் தொடும்படி வாழை நாரால் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கினால் தண்டு நசுங்கும். நாரின் மேலும் தினம் தண்ணீர் தெளிக்க வேண்டும். பலர் தொட்டிக்கு மட்டும் ஊற்றுகிறார்கள். நார் காய்ந்து கிடந்தால் வேர் பிடிக்காது. கொம்பு வைத்தும் பயனில்லை.

எச்சரிக்கை!

சிலர் இக்கொடியைப் பாட்டில் தண்ணீரில் வைக்கிறார்கள். டெங்கு பரப்பும் கொசு அந்தத் தண்ணீரில் முட்டையிடும். வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, பாட்டிலின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டைகள் சுவரில் ஒட்டியிருக்கும்.

இலையைக் குழந்தை கடித்தால் வாயும் நாக்கும் எரியும், வீக்கமும் காணும். ஊசி போன்ற நுண்ணிய படிகங்கள் இலையில் இருப்பதே காரணம். தவழும் குழந்தை உள்ள வீட்டில் எட்டாத இடத்தில் வையுங்கள். ஆடு மாடுகளுக்கும் போடக்கூடாது.

கொடி கொம்பின் உச்சியை எட்டியதும், ஒரு கணுவுக்குக் கீழே நறுக்கி வேறு தொட்டியில் நடலாம். அடுத்த வீட்டுக்கும் கொடுக்கலாம். திருடி வைத்தால்தான் பணம் சேரும் என்று சொல்வார்கள். கேட்டு வாங்கிய கொடியும் அதே உயரம்தான் வளர்கிறது!