வயிற்றுத் தையலுக்குள் இத்தனை சங்கதியா!

வயிற்றில் ஆப்பரேஷன் முடிந்து ஒரு வாரம். மேல்தோல் ஒட்டிவிட்டது, வலியும் குறைந்துவிட்டது. ஆறிவிட்டது என்றுதானே நினைப்போம்? அந்த இடத்துக்கு இப்போது இருக்கும் பலம், வெட்டுப்படாத தோலின் பலத்தில் வெறும் 3 சதவீதம்தான் தெரியுமா! மூன்றாம் வாரத்தில் 30 வரை ஏறும். மூன்று மாதத்தில் 80. நூறு? ஆயுளுக்கும் கிடையாது!

காயம் போதிய பலம் பெறும்வரை தாங்குவது நூல்தான். நூலே இல்லாமல் குடலைத் தைத்த கதை தெரியுமா? பெரிய கருப்பு எறும்புகளைக் கிழிந்த குடலின் ஓரத்தில் கடிக்கவிட்டு, உடலைக் கிள்ளி எறிந்து, தலையை மட்டும் தையலாக விட்டுவிடச் சொல்கிறது பழங்கால இந்திய மருத்துவ ஏடான சுஸ்ருத சம்ஹிதை!

இன்றைய தையலில் ஒரு கணக்கு இருக்கிறது. கீறலின் நீளத்தைப் போல நான்கு மடங்கு நூலாவது உள்ளே போக வேண்டும். 20 சென்டிமீட்டர் கீறலுக்கு 80 சென்டிமீட்டர்! 1976-இல் ஜென்கின்ஸ் என்ற அறுவை மருத்துவர் சொன்னது இது. வயிறு உப்பினால் காயமும் நீளும், நூலில் இடம் இல்லையென்றால் அது சதையை அறுத்துக்கொண்டு வந்துவிடும். ஆம், பெரும்பாலும் அறுவது நூல் இல்லை, சதை! 2015-இல் நெதர்லாந்தில் 560 பேரிடம் சோதித்தார்கள். தையலை 1 சென்டிமீட்டருக்குப் பதில் அரை சென்டிமீட்டராக நெருக்கிப் போட்டதில், ஓராண்டுக்குள் தழும்பில் குடலிறக்கம் வந்தவர்கள் 21 சதவீதத்திலிருந்து 13 ஆகக் குறைந்தார்கள்.

சரி, நம் ஊருக்கு வருவோம். கிள்ளானோ பிரிக்பீல்ட்ஸோ, ஆப்பரேஷன் என்றதும் யாராவது ஒரு பாட்டி “ஹருவான் வாங்கிக் கொடு” என்பார். நம் விரால் மீன்தான். மலாய்க்காரர், சீனர், தமிழர் மூவரும் சண்டையில்லாமல் ஒத்துக்கொள்ளும் அபூர்வ மருந்து! கிளந்தானில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் சிசேரியன் ஆன தாய்மார்களுக்கு ஹருவான் சாறை ஆறு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். வலி குறையவில்லை, தழும்பின் அழகு மட்டும் கூடியது. பாட்டிக்குப் பாதி மார்க் போடலாம்.

ஆனால் அதே பாட்டி “புளிப்பு ஆகாது, சீழ் பிடிக்கும்” என்று ஆரஞ்சையும் கொய்யாவையும் பிடுங்குகிறாரே, அதற்கு மார்க் கிடையாது! வைட்டமின் சி இல்லாவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? 1740-களில் ஆன்சன் தலைமையில் உலகைச் சுற்றிய ஆங்கிலேயக் கப்பலில் அந்தக் குறையால் வரும் ஸ்கர்வி நோய் பரவியது. 1690-ஆம் ஆண்டுப் போரில் ஒருவருக்குப் பட்டு, ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஆறிப்போன காயம் மறுபடியும் வாய் திறந்தது! தழும்பு சும்மா கிடப்பதில்லை, உடல் அதை ஓயாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது.

சீழுக்கு நிஜமான கூட்டாளி இனிப்பு நீர் நோய். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு அது இருந்தது, இந்தியர்களில் 31.4! பழத்தைத் தடுத்துவிட்டுக் கெட்டி மைலோவைக் கலக்கிக் கொடுப்பது என்ன பத்தியமோ! சிகரெட்டும் அதே கூட்டணிதான்.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் மறக்காதீர்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் கட்டு திடீரென்று வெளிர்சிவப்பு நீரில் நனைந்தால், வலி இல்லாவிட்டாலும் உள்தையல் விட்டிருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குடல் எட்டிப் பார்த்தால் உள்ளே தள்ளாதீர்கள். சுத்தமான ஈரத்துணியால் மூடுங்கள், குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள், 999-ஐ அழையுங்கள்.