இசட் புள்ளி எதை அளக்கிறது?

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளில் நம் வீடுகளில் கேட்கப்படும் முதல் கேள்வி, "எத்தனை ஏ?" என்பதுதான். ஆனால் பல்கலைக்கழகக் கதவைத் திறப்பது ஏ, பி, சி என்ற எழுத்துகள் அல்ல. நான்கு தசம தானங்களோடு பெறுபேற்றில் வரும் ஓர் எண்தான் அதைத் தீர்மானிக்கிறது. அதற்கு இசட் புள்ளி என்று பெயர். பிள்ளையின் எதிர்காலத்தை முடிவு செய்யும் அந்த எண் எப்படி வருகிறது என்பது பல பெற்றோருக்குத் தெரியாது. உயர்தரத்தில் படிக்கும் எம்மில் பலருக்குமே தெளிவில்லை. அதை இயன்றளவு எளிமையாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏன் வந்தது?

முன்பு பல்கலைக்கழக அனுமதிக்குப் பாடப் புள்ளிகளை அப்படியே கூட்டிப் பார்த்தார்கள். இதில் ஓர் அநீதி இருந்தது. ஒரு பாடத்தின் வினாத்தாள் ஒரு வருடம் கடினமாக வந்துவிட்டால், அதைத் தெரிவு செய்தவர்கள் எல்லோரும் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள். இலகுவாக வந்த பாடத்தை எடுத்தவர்கள் பெரிய திறமை இல்லாமலே முன்னுக்கு வந்தார்கள். இதைச் சரிசெய்யவே 2001ஆம் ஆண்டிலிருந்து இசட் புள்ளி முறை நடைமுறைக்கு வந்தது.

எப்படிக் கணிக்கப்படுகிறது?

நீங்கள் எத்தனை புள்ளி எடுத்தீர்கள் என்பதை மட்டும் இசட் புள்ளி பார்ப்பதில்லை. அதே பாடத்துக்குத் தோற்றிய மற்றவர்களோடு ஒப்பிடும்போது நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று பார்க்கிறது. உங்கள் புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரியைக் கழித்து, வரும் விடையை நியம விலகலால் வகுக்க வேண்டும். எல்லோருடைய புள்ளிகளும் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதைக் காட்டும் அளவே நியம விலகல்.

கற்பனை எண்களைக் கொண்ட ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு மாணவி தமிழில் 68 புள்ளி எடுக்கிறார். சராசரி 52, நியம விலகல் 16. அவருடைய இசட் புள்ளி 1.00. இஸ்லாமிய நாகரிகத்தில் 72 எடுக்கிறார். சராசரி 58, நியம விலகல் 14. இதிலும் 1.00தான். புவியியலில் 61 மட்டுமே எடுக்கிறார். ஆனால் அங்கே சராசரி 40, நியம விலகல் 12. ஆகவே 1.75 கிடைக்கிறது. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 1.2500. இதுவே அவருடைய இறுதி இசட் புள்ளி.

கவனித்தீர்களா? மிகக் குறைந்த புள்ளி எடுத்த பாடமே அவரை அதிகம் உயர்த்தியிருக்கிறது. ஆகவே "லேசான பாடத்தை எடு, நிறையப் புள்ளி வரும்" என்று சொல்லும் அறிவுரையில் பயனில்லை. லேசான பாடத்தில் எல்லோரும் நிறைய எடுப்பார்கள், சராசரியும் ஏறிவிடும். அதற்காகக் கடினமான பாடத்தைத் தேடிப் போவதிலும் பொருளில்லை. நமக்கு விருப்பமான பாடத்தில் மற்றவர்களைவிட நன்றாகச் செய்வதே வழி.

ஒப்பீடு பிழைத்தால்

ஒரே வினாத்தாளை எழுதியவர்களைத்தான் இப்படி ஒப்பிடலாம். 2011ஆம் ஆண்டுப் பரீட்சையில் பழைய பாடத்திட்டத்திலும் புதிய பாடத்திட்டத்திலும் மாணவர்கள் தோற்றினார்கள். இரு தொகுதியினரையும் ஒன்றாகச் சேர்த்து இசட் புள்ளி கணித்ததால் பெரும் குழப்பம் ஏற்பட்டது. விடயம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. இரு தொகுதிகளையும் வெவ்வேறாகக் கொண்டு மீண்டும் கணிக்குமாறு 2012இல் தீர்ப்பானது. சூத்திரம் சரியாக இருந்தாலும், யாரோடு யாரை ஒப்பிடுகிறோம் என்பதில் பிழைத்தால் நீதி தவறிவிடும் என்பதை நாடே அப்போது கண்டது.

மாவட்டக் கோட்டா

நம் நாட்டில் "தரப்படுத்தல்" என்ற சொல்லுக்குக் கசப்பான வரலாறு உண்டு. 1970ஆம் ஆண்டளவில் மொழி அடிப்படையில் வெட்டுப்புள்ளி வைத்தார்கள். மருத்துவத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 400இல் 229 போதுமாக இருந்தபோது, தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 தேவைப்பட்டது. தமிழில் படித்த முஸ்லிம் பிள்ளைகளும் இதில் அடங்குவர். 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் அது பாதித்தது. மட்டக்களப்பு போன்ற பின்தங்கிய மாவட்டங்களுக்கோ அது ஒரு வாசலைத் திறந்தது.

விகிதங்கள் பலமுறை மாறி, இன்று பெரும்பாலான துறைகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் சனத்தொகைப்படி மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் மேலதிகமாக ஒதுக்கப்படுகின்றன. அந்த 16இல் மட்டக்களப்பும் ஒன்று. ஒரே இசட் புள்ளி பெற்ற இருவரில் ஒருவருக்கு இடம் கிடைத்து மற்றவருக்குக் கிடைக்காமல் போவது இதனால்தான்.

கோட்டா எட்டாத இடம்

கோட்டா மட்டக்களப்பு மாவட்டத்தை ஒரே அலகாகப் பார்க்கிறது. ஆனால் மாவட்டத்துக்குள்ளேயே நகரத்துக்கும் வாவிக்கரைக்கும் இடையில் எவ்வளவு தூரம்! நகரத்துப் பிள்ளைக்கு ஆய்வுகூடம், எல்லாப் பாடத்துக்கும் ஆசிரியர், பின்னேரம் ரியூசன். பனிச்சங்கேணி, வாகரைப் பக்கத்துப் பிள்ளை நகரத்துக்குப் போவதென்றால் பஸ்ஸில் ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகும். மஃரிபுக்குப் பிறகு முடியும் வகுப்புக்கு எந்த உம்மா, வாப்பா மகளைத் தனியே அனுப்புவார்கள்? வெட்டுப்புள்ளிக்கு முன்னால் இவ்விருவரும் "மட்டக்களப்பு மாவட்டம்" என்ற ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

இன்னொன்று இதைவிட முக்கியமானது. விஞ்ஞானப் பிரிவு உட்பட உயர்தரம் உள்ள பாடசாலைகள் 1ஏபி வகையைச் சேர்ந்தவை. 1சி வகைப் பாடசாலைகளில் கலையும் வர்த்தகமும் மட்டுமே உண்டு. கிராமத்துப் பெண்பிள்ளை பக்கத்தில் இருக்கும் பாடசாலையில் கலைப்பிரிவில் சேர்கிறாள். ஆனால் கலைப்பிரிவுக் கற்கைநெறிகளுக்கு மாவட்டக் கோட்டா இல்லை. அவற்றுக்கு அகில இலங்கைத் திறமை அடிப்படையிலேயே தெரிவு நடக்கிறது. அதாவது கோட்டா உதவும் துறை அவளுடைய ஊரில் இல்லை. ஊரில் இருக்கும் துறைக்குக் கோட்டா இல்லை. ஒன்பதாம், பத்தாம் வகுப்பிலேயே தூரத்தைக் காரணம் காட்டி "பொம்புளப் பிள்ளைக்கு ஆர்ட்ஸ் போதும்" என்று முடிவெடுக்கும்போது இது எவர் நினைவுக்கும் வருவதில்லை. கலை படிப்பது எந்த வகையிலும் குறைவானதல்ல. விரும்பிப் படிக்கும் தோழிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வேறு வழியில்லாமல் படிப்பதுதான் குறை.

அப்படியானால் மாவட்டத்துக்குப் பதிலாகக் கல்வி வலயத்துக்குக் கோட்டா கொடுக்கலாமா? கேட்க நல்லதாகத்தான் தெரிகிறது. ஆனால் வசதியுள்ளவர்கள் தங்கள் பிள்ளைகளைப் பின்தங்கிய வலயத்தில் பதிந்துவிடுவார்கள். காலியாக இருக்கும் கணித, விஞ்ஞான ஆசிரியர் இடங்களை நிரப்புவதும், பெண்பிள்ளைகள் பாதுகாப்பாகத் தங்கிப் படிக்க விடுதி அமைப்பதுமே நிலையான மருந்து.

நாம் செய்யக்கூடியவை

சாதாரண தரத்துக்கு முன்பே, நம் ஊருக்குக் கிட்ட எந்தப் பாடசாலையில் எந்தப் பிரிவு இருக்கிறது, விடுதி உண்டா என்று பெற்றோர் விசாரிக்க வேண்டும். பிள்ளையை வேறு மாவட்டத்துக்கு மாற்றுவதானால் யோசித்துச் செய்யுங்கள். எந்த மாவட்டக் கோட்டா என்பது பரீட்சைக்கு முந்திய மூன்று வருடங்கள் எங்கே படித்தார் என்பதைப் பொறுத்தது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வருடந்தோறும் வெளியிடும் கைநூலில் இவை தமிழிலும் உள்ளன. பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி எடுக்காவிட்டால் எவ்வளவு நல்ல இசட் புள்ளியும் உதவாது என்பதையும் மாணவிகள் மறக்கக் கூடாது.

ஒரு பாடத்தில் ஒரு வருடம் தோற்றியவர்களிடையே ஒரு மாணவி எந்த இடத்தில் நின்றாள் என்பதைத்தான் இசட் புள்ளி அளக்கிறது. அவள் எந்தத் தூரத்திலிருந்து வந்து அந்த இடத்தில் நின்றாள் என்பது அந்த நான்கு தசம தானங்களுக்குள் அடங்காது. குறைந்த எண்ணோடு வீடு திரும்பும் மகளை "நீ எதற்கும் லாயக்கில்லை" என்று சொல்லிவிடாதீர்கள். அல்லாஹ் தந்த அறிவை அளந்து முடிக்க எந்தப் பரீட்சையாலும் இயலாது. ஆனால் அந்தப் பரீட்சைக்கு விளங்கிக்கொண்டு ஆயத்தமாவது நம் கையில்தான் இருக்கிறது.