பஸ்ஸில் வந்த ஜீனோ

"அமெரிக்காவில் விஞ்ஞானக் கதை வாசகர்கள் ஆயிரக்கணக்கில் கூடி மாநாடு நடத்துகிறார்கள். நம் தமிழில் அப்படி ஒரு ரசிகர் கூட்டம் எப்போதாவது இருந்ததா?" நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் பெங்களூரில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர் இப்படிக் கேட்டார். இருந்தது, தம்பி. அதற்குப் பெயர்தான் இல்லை.

அமெரிக்கக் கதையை முதலில் பார்த்துவிடுவோம். 1926-ல் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் என்பவர் 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். வாசகர் கடிதங்களை எழுதியவரின் முகவரியோடு அச்சிட்டார். அவ்வளவுதான் அவர் செய்தது! வாசகர்கள் ஆசிரியரை விட்டுவிட்டு ஒருவருக்கொருவர் கடிதம் எழுத ஆரம்பித்தார்கள். அதிலிருந்து மன்றங்கள், கையெழுத்துப் பிரதிகள் போன்ற சிறு ஏடுகள், கடைசியில் 1939-ல் நியூயார்க்கில் முதல் உலக மாநாடு.

நம் நாட்டிலும் வங்காளிகள் சும்மா இருக்கவில்லை. 1963-ல் அத்ரீஷ் பர்தன் 'ஆஷ்சர்யா' என்று விஞ்ஞானக் கதைகளுக்கென்றே ஒரு பத்திரிகை நடத்தினார். 1966-ல் கல்கத்தாவில் விஞ்ஞானத் திரைப்படங்களுக்கு ஒரு மன்றம் அமைந்தது. தலைவர் சாட்சாத் சத்யஜித் ராய். மராட்டியில் கதைப் போட்டியே வைத்தார்கள். 1974-ல் வானியல் விஞ்ஞானி ஜெயந்த் நார்லிகர் புனைபெயரில் அதற்குக் கதை அனுப்பிப் பரிசு வாங்கினார்.

நமக்கு மன்றமும் இல்லை, மாநாடும் இல்லை. பஸ் இருந்தது.

நான் பிறந்து வளர்ந்தது மூணாறு பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டில். 1956-ல் மாநிலங்கள் பிரிந்தபோது எங்கள் மலை கேரளத்தோடு நின்றது. ஆனால் எங்கள் அரிசி, துணிமணி, சினிமாப் பாட்டுப் புத்தகம், வாரப் பத்திரிகை எல்லாம் மலைக்கு அந்தப் பக்கமிருந்துதான் வந்தன. உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு, மறையூர் வழியாக ஒரு பஸ். போடியிலிருந்து போடிமெட்டு, பூப்பாறை வழியாக இன்னொன்று. கூரை மேல் காய்கறிக் கூடைகளுக்கு நடுவே பத்திரிகைக் கட்டு இருக்கும். ஆடி மாதத்து மழையில் எங்காவது மண் சரிந்தால் ஒரு வாரம் கட்டு வராது. அடுத்த வாரம் இரண்டு இதழ்களும் சேர்ந்தே வரும். அந்த வாரம் எங்களுக்குத் தீபாவளி.

ஒரு விகடன் பத்துப் பதினைந்து வீடு சுற்றும். யாருக்குப் பிறகு யார் என்று ஒரு வரிசை உண்டு. அந்த வரிசையை மீறியதால் பேச்சு வார்த்தை நின்ற குடும்பங்களும் உண்டு. கடைசியாக வாங்குபவருக்கு ஒரு உரிமை: தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்து வைத்துக்கொள்ளலாம். அதனால் கடைசி இடத்துக்குத்தான் போட்டி! எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் கொழுந்து பறித்துவிட்டு வந்து, மாலையில் திண்ணையில் யாராவது வாசிக்கக் கேட்பார்கள். என் அம்மாவும் அப்படிக் கேட்டவர்தான். ஜீனோவை அவர் நாய் என்று சொல்ல மாட்டார், 'அந்தப் பையன்' என்பார்.

ஜீனோ யார் என்று இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும். எண்பதுகளில் சுஜாதா ஆனந்த விகடனில் எழுதிய 'என் இனிய இயந்திரா' தொடரில் வரும் இயந்திர நாய். புத்தகம் படிக்கும், யோசிக்கும், வாய் ஓயாமல் பேசும். கதை நடப்பது இப்போது நாம் வாழ்ந்து கடந்துவிட்ட 2020-களின் தொடக்கத்தில். ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சி. பிள்ளை பெறுவதற்கும் அரசாங்க அனுமதி வேண்டும். பெயர்கள் இரண்டே எழுத்து: நிலா, சிபி, ரவி, மனோ. எங்கள் லயனில் உடனே எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர் வைத்தாயிற்று. ஆறுமுகம் 'ஆறு' ஆனார். இன்றைக்கும் அவருக்கு அதுதான் பெயர்.

சுஜாதா அந்தத் தொடரை எழுதியபோது பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலையில் இருந்தார். அதாவது நம்மைப் போலவே வெளியூர்த் தமிழர். அவர் கடைசிப் பக்கம் எழுதிய 'கணையாழி'கூட 1965-ல் டில்லியில் தொடங்கிய பத்திரிகைதான். தமிழின் விஞ்ஞானக் கதை தமிழ்நாட்டுக்கு வெளியே வளர்ந்த பிள்ளை என்று நான் அடிக்கடி சொல்வேன். கொஞ்சம் மிகைதான், இருக்கட்டும்.

ஆனால் என்னை இந்தப் பைத்தியத்தில் முதலில் தள்ளியது சுஜாதா அல்ல, இரும்புக்கை மாயாவி. 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தார். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் தெரியும். எங்கள் லயனில் மின்சாரமே இல்லாத காலம்! மின்சாரம் என்றால் என்ன என்று நாங்கள் தெரிந்துகொண்டதே மாயாவியிடம்தான். கொஞ்சம் தவறாகத் தெரிந்துகொண்டோம், அது வேறு விஷயம்.

மாயாவி 1962-ல் 'வேலியன்ட்' என்ற ஆங்கிலச் சிறுவர் இதழில் பிறந்தவர். ஆரம்பக் கதைகளை எழுதியவர் கென் பல்மர். இந்த பல்மர் எழுத்தாளராக மட்டும் இருந்தவரல்ல, விஞ்ஞானக் கதை ரசிகர் கூட்டத்தில் ஒருவர். அட்லாண்டிக் கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள ரசிகர்கள் காசு சேர்த்து, ஓட்டுப் போட்டு ஒரு ரசிகரைத் தேர்ந்தெடுத்துக் கடல் கடந்த மாநாட்டுக்கு அனுப்பும் வழக்கம் உண்டு. 1955-ல் அப்படி அமெரிக்கா போய் வந்தவர் இவர். சக ரசிகர்களின் சில்லறைக் காசில் கடல் கடந்த மனிதர் உண்டாக்கிய மாயாவி, சிவகாசியில் தமிழ் பேசி, உடுமலை பஸ்ஸில் ஏறி மூணாறு வந்து சேர்ந்தார். நாங்களும் ஆளுக்குப் பத்துப் பைசா போட்டுத்தான் அவரை வாங்கினோம். இதைவிட என்ன உறவு வேண்டும்?

பிறகு வேலை கிடைத்துப் பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறைக்கு வந்தேன். மலை போய்ச் சமவெளி வந்தது. தேயிலை போய்த் தென்னை வந்தது. ஆனால் வாழ்க்கை அதேதான், வீடு கேரளத்தில், சந்தை பொள்ளாச்சியில். ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சி போனால் பழைய பேப்பர் கடைகளில் மூட்டை அவிழ்ப்பது என் வழக்கம். அங்கே என்னைப் போலவே குனிந்து தேடிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்துத்தான் என் நண்பர்கள் பலர் கிடைத்தார்கள். பெயர் தெரிவதற்கு முன்பே அவருக்கு எந்த இதழ் வேண்டும் என்று தெரிந்துவிடும்.

மலையாள நண்பர்களையும் விட்டுவிடக் கூடாது. சாஸ்த்ர சாகித்ய பரிஷத்தின் 'யுரீக்கா'வும் 'சாஸ்த்ர கேரள'மும் படித்து வளர்ந்தவர்கள். விஞ்ஞானம் நம்மைவிட அவர்களுக்கு அதிகம் தெரியும். இயந்திர நாயைக் காதலிக்கத் தெரியாது. டீக்கடையில் உட்கார்ந்து வாராவாரம் ஜீனோவின் கதையை மலையாளத்தில் சொல்லியிருக்கிறேன். வாசிக்காமலே ரசிகரானவர்கள் எங்கள் ஊரில் நாலைந்து பேர் உண்டு.

2020-ல் கொரோனா வந்தது. வாளையாரில் தடுப்பு, கோபாலபுரத்தில் தடுப்பு. பொள்ளாச்சிக்குப் போகவும் திரும்பி வரவும் பாஸ் வேண்டும். பெயர், வயது, காரணம் எல்லாம் போனில் பதிந்துவிட்டு, எங்கோ ஒரு கம்ப்யூட்டர் சம்மதம் சொல்லக் காத்திருந்தோம். அக்கரையில் இருந்த அண்ணன் மகளின் பிரசவத்துக்குப் போக எங்கள் வீட்டில் மூன்று நாள் அப்படிக் காத்தோம். அனுமதிக்காக நின்ற நிலாவின் நினைவு வராமல் இருக்குமா? பழைய நண்பர் ஒருவர் போனில் இரண்டே வார்த்தை சொன்னார்: "ஜீவா வந்துட்டார்."

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். சுஜாதா ரசிகர்களான நாங்கள் ஒரு மனிதரைச் சுற்றி நின்ற கூட்டம். 2008 பிப்ரவரியில் அவர் மறைந்ததும் கலைந்துவிட்டோம். 2010-ல் 'எந்திரன்' வந்தபோது தியேட்டரில் மறுபடி பார்த்துக்கொண்டோம், அத்தோடு சரி. காமிக்ஸ்காரர்கள் கெட்டிக்காரர்கள். லயன்-முத்து இதழ்கள் நின்று நின்று வந்த ஆண்டுகளிலும் அவர்கள் ஒருவரை ஒருவர் விடவில்லை. 2012-ல் இதழ்கள் மீண்டும் ஒழுங்காக வரத் தொடங்கியபோது வாங்க ஆள் இருந்தது. ஆகஸ்டில் நடக்கும் ஈரோடு புத்தகத் திருவிழாவில் அவர்கள் கூடுவதைப் போய்ப் பாருங்கள். தலை நரைத்த மனிதர்கள் பழைய மாயாவி இதழ் ஒன்றைக் கைக்குழந்தையை வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்குவார்கள். சிரிப்பு வராது.

எனக்கு இப்போதுள்ள கவலை வேறு. மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, இங்கே சித்தூர்ப் பக்கம் என்று தமிழ் மீடியம் பள்ளிகள் இன்னும் இருக்கின்றன. ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் அங்கே போகிறார்கள்? என் தங்கையின் பேத்தி ஆறாம் வகுப்பு. இங்கிலீஷ் மீடியம், இரண்டாவது பாஷை மலையாளம். தமிழ் மணிமணியாகப் பேசுவாள், எழுத்துக் கூட்டத் தெரியாது. பெற்றோரைக் குறை சொல்லவில்லை, வேலைக்கு எது உதவுமோ அதைப் படிக்க வைக்கிறார்கள். ஆனால் நான் சேர்த்து வைத்த நாற்பது ஆண்டுப் பக்கங்கள் அவளுக்கு வெறும் கோலம்தானே?

போன கோடை விடுமுறையில் மாயாவி இதழ் ஒன்றை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் கண்ணாடியைத் தேட எழுந்தேன். அவளுக்குப் பொறுக்கவில்லை, படத்தைப் பார்த்து, மலையாள எழுத்தின் சாயலில் ப, ண என்று தானே பிடித்து, ஒரு பலூனை முழுசாகப் படித்துவிட்டாள். அதன் பிறகு தினமும் கண்ணாடியைக் கொஞ்சம் தாமதமாகவே தேடினேன். இப்போது ஜீனோவில் எட்டாவது அத்தியாயம் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அவள். மற்றப் பிள்ளைகளும் இரண்டு பேர் வந்து உட்காருகிறார்கள். அவர்களில் ஒருவன் மலையாளி.

எனவே ஒரு விண்ணப்பம். பழைய முத்து, லயன் இதழ்கள், விகடனிலிருந்து கிழித்துத் தைத்த தொடர்கதைகள் உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால், எடைக்குப் போடும் முன் சங்க அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். அட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பாதித் தொடர்தான் இருக்கிறது என்றாலும் தயங்க வேண்டாம், மீதிப் பாதி என்னிடம் இருக்கலாம்.