எலியும் பசுவும் மனிதனும்

ஆனி பிறந்து சாரல் தொடங்கிவிட்டால் தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் சாலையில் ஜனங்கள் திரள்கின்றனர். அருவியில் நீராடி நடுங்கி வருவோர் முதலில் நாடுவது சூடான தேநீரை. அதிற் கலந்த பால் கொதித்தது. ஆகவே குடிப்பவருக்கு அச்சமில்லை. ஆனால், அப்பாலைக் கறக்கும் குடியானவனுக்கும் அவனுடைய மாட்டுக்கும் காப்பு எது?

க்ஷயரோகம் மனிதனுக்கு மட்டும் உரியதன்று. 1937ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெல்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் வயல்வெளிச் சிற்றெலிகளிடம் அந்நோயைக் கண்டார். அக்கிருமிக்கு மைக்ரோட்டி என்று பெயர். எலியை வேட்டையாடும் பூனைக்கு அது தொற்றுகிறது. மனிதருக்கும் தொற்றியதை 1998இல் ஹாலந்து ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். விந்தை யாதெனில், மனிதரிடம் வீரியம் குன்றிய அக்கிருமியையே 1950இல் தொடங்கிய பிரிட்டிஷ் பரிசோதனையில் தடுப்பூசியாக இட்டனர், பி.சி.ஜி.க்கு ஒப்பான காப்பை அது அளித்தது.

நம் நாட்டில் முதலில் கவனிக்கத்தக்கது எலியன்று, கால்நடையே. வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரியில் 2018, 2019ஆம் ஆண்டுகளில் சேகரித்த 940 மாதிரிகளில் ஏழில் ஒரிஜிஸ் என்னும் கிருமி இருந்தது. மாட்டு க்ஷயத்துக்கு மூலமென்று மேனாட்டார் கூறும் போவிஸ் கிருமியோ, தடுப்பூசி வகை நீங்கலாக, ஒன்றிலும் இல்லை. சென்னையில் பசுக்களிடமும் மான்களிடமும் ஒரிஜிஸ் காணப்பட்டிருக்கிறது. அயல்நாட்டு அளவுகோலால் நம் நாட்டு நோயை அளக்கலாகாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஏழுதானே என்று அலட்சியம் செய்வோர் உண்டு. அவர்கள் ஒன்றை மறக்கின்றனர். க்ஷயம் உண்டா இல்லையா என்று கூறும் சாதாரணச் சோதனை, அது எந்த இனக் கிருமியால் வந்தது என்று கூறுவதில்லை. தேடாத பொருள் அகப்படாதது வியப்பன்று.

பிரிட்டனில் நோயுற்ற மாட்டைக் கொன்று, உடையவனுக்கு ஈடு தருகிறார்கள். இங்கே ஒரு பசுவே ஒரு குடும்பத்தின் ஜீவனம். ஈடு இன்றிச் சோதனை மட்டும் வருமாயின், ஏழை தன் மாட்டின் நோயை மறைக்கவே செய்வான். நோய் தொழுவத்திலிருந்து வீட்டுக்குள் புகும்.

ஆகவே சர்க்கார் செய்யவேண்டியவை மூன்று: கால்நடைகளைச் சோதித்தல்; நஷ்டத்தை ஈடு செய்தல்; மாட்டு வைத்தியரும் மனித வைத்தியரும் தம் கணக்குகளை ஒருங்கே வைத்துப் பார்க்கச் செய்தல். ஜனங்கள் செய்யவேண்டியது ஒன்றே: காய்ச்சாத பாலைத் தாமும் அருந்தாமல், குழந்தைகளுக்கும் கொடாமல் இருத்தல். நம் பாட்டிமார் காத்த வழக்கம் இது. இதைக் கைவிடாமலிருக்க எந்தச் சட்டமும் வேண்டியதில்லை.